சேலத்துக் கணக்கறைகளில் ஃபாக்ஸ்ப்ரோவும் அக்சஸும்: எதை விடலாம், எதை விடக்கூடாது

விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளுக்கு அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் அறிவித்தது. எஞ்சியிருந்த ஆதரவும் 2015 ஜனவரியோடு நின்றுபோனது. ஆனால் லீபஜார் மண்டியிலோ, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையிலோ, ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலோ கணக்கறைக்குள் நுழைந்து பார்த்தால், அந்த மென்பொருளில் எழுதிய நிரல் இன்றும் பில் போட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். பக்கத்து மேசையில் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற அதே வகை மென்பொருளில் எழுதிய இன்னொன்று இருக்கும். இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் ஓடும் மென்பொருளுக்கு, வாருங்கள் என்று விற்பனைப் பிரதிநிதிகள் வாரந்தோறும் வந்து சொல்கிறார்கள். இதற்கு எதிர்காலம் இருக்கிறதா, இல்லையா என்று முதலாளிகள் கேட்கிறார்கள்.

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அது தவறாகத்தான் இருக்கும். ஃபாக்ஸ்ப்ரோவின் கதை வேறு, அக்சஸின் கதை வேறு. இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒரு பழக்கம், அதாவது தரவுக் கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு ஏழெட்டுக் கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் திறந்து எழுதுவது, காலாவதியாகிவிட்டது. அதை இன்றே நிறுத்த வேண்டும். ஆனால் அந்த நிரல்களுக்குள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் தொழில் விதிகள் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதவை. அவற்றை இழந்துவிட்டுப் புதியதற்குப் போகிறவர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் இவை சேலத்தில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டன என்று பார்க்க வேண்டும். வேய்ன் ராட்லிஃப் என்ற அமெரிக்கர் தனக்காக எழுதிய வல்கன் என்ற நிரலை 1980-களின் தொடக்கத்தில் ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் என்ற பெயரில் விற்றது. அதே மொழியைப் பேசும் கிளிப்பர் 1985-இல் வந்தது. ஒஹாயோவில் இருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் அதைவிட வேகமான ஒன்றைச் செய்து ஃபாக்ஸ்ப்ரோ என்று பெயர் வைத்தது. 1992-இல் அந்த நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தன் சொந்த அக்சஸையும் வெளியிட்டது. ஃபாக்ஸ்ப்ரோவின் தேடல் வேகத்துக்குக் காரணமான ரஷ்மோர் நுட்பம் பிறகு அக்சஸுக்குள்ளும் போனது. தம்பிக்குச் சொத்தை எழுதிவைத்துவிட்டு அண்ணன் ஒதுங்கிய கதை என்று சொல்லலாம்.

அந்த 1990-களில் நம் ஊரில் கணினிப் பயிற்சி நிலையம் என்றாலே டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ பாடம்தான். அதில் படித்து வந்த இளைஞர் ஒருவர் தெரிந்த மண்டிக்காரரிடம் போய், உங்கள் பேரேட்டை அப்படியே திரையில் கொண்டுவந்து தருகிறேன் என்பார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே கழிவு போடு, இங்கே வாடகையைப் பிடி என்று சொல்லச் சொல்ல நிரல் வளரும். தொழில் தெரிந்தவரும் நிரல் தெரிந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செய்த மென்பொருள் அது. அந்தப் பொருத்தம் பின்னாளில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பல மென்பொருள்களுக்கு வாய்க்கவில்லை.

அந்தப் பொருத்தம் எப்படிப்பட்டது என்பதற்குச் சேகோ ஆலையைப் பார்க்கலாம். மரவள்ளிக்கிழங்குக்கு இங்கே எடையை மட்டும் வைத்து விலை பேசுவதில்லை. லோடிலிருந்து மாதிரி எடுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். உதாரணத்துக்கு அன்றைய விலை பாயிண்டுக்கு 300 ரூபாய், லோடில் 28 பாயிண்ட் வந்திருக்கிறது என்றால், டன்னுக்கு 8,400 ரூபாய். எடைமேடைச் சீட்டில் மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை என மூன்று எண்கள் வரும். நிகர எடையில் மண்ணுக்கும் தண்டுக்கும் கழிவு பிடிப்பார்கள். வெட்டுக்கூலியை ஆலை முன்பணமாகக் கொடுத்திருந்தால் அது ஒரு கழிவு. லாரி வாடகையை ஆலை கட்டியிருந்தால் அது இன்னொன்று. புரோக்கர் மூலம் வந்த லோடு என்றால் அவர் கமிஷன் தனிக் கணக்கில் ஏற வேண்டும். பாயிண்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் விலை வேறு விதமாகக் குறையும். அந்த எல்லை ஆலைக்கு ஆலை மாறும், சில ஆலைகளில் பருவத்தின் நடுவிலேயே மாறும். விவசாயி பணத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறார், லாரி வாசலில் நிற்கிறது. இத்தனையும் ஒரு நிமிடத்தில் ஒரு சீட்டாக வெளியே வர வேண்டும். பழைய ஃபாக்ஸ்ப்ரோ நிரல் அதைச் செய்கிறது. கணக்கர் மவுஸைத் தொடுவதில்லை. எண், என்டர், எண், என்டர், முடிந்தது.

மறுமுனையில் ஜவ்வரிசி 90 கிலோ மூட்டைகளாகப் போகிறது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவும், நேரடியாக வியாபாரிகளிடமும் விற்பனை நடக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கலப்படம் பற்றிய புகார் எழும்போதெல்லாம், எந்த நாள் வந்த கிழங்கு எந்த நாள் அரைவைக்குப் போய் எந்த மூட்டையில் இருக்கிறது என்று காட்ட முடிகிற ஆலைக்குத்தான் பேச வாய் இருக்கும். அந்தத் தரவு பெரும்பாலும் இந்தப் பழைய அட்டவணைகளில்தான் கிடக்கிறது.

வெள்ளித் தொழிலின் கணக்கு இன்னும் நுணுக்கம். கடைக்காரர் பட்டறைக்குக் கட்டி வெள்ளியாகக் கொடுக்கிறார், கொலுசாகத் திரும்பி வருகிறது. நடுவில் கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி ஆகியவை பதிவாக வேண்டும். ஒரு பட்டறைக்காரரின் பாக்கி ரூபாயில் மட்டும் இருப்பதில்லை, கிராமிலும் இருக்கும். பணம் கொடுக்க வேண்டியிருக்கும் அதே ஆளிடமிருந்து வெள்ளி வரவேண்டியிருக்கும். வெள்ளி விலை ஏறும் நாளில் இந்த இரண்டு பாக்கிகளையும் கலந்துவிடும் மென்பொருள் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பை விழுங்கிவிடும்.

டேலியில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருள் இல்லாத கடை சேலத்தில் அரிது. கணக்குப் பேரேட்டுக்கும் வரிக் கணக்குக்கும் அதைவிடப் பழகிய கருவி நம் கணக்கர்களுக்கு இல்லை. அதற்கென்று இருக்கும் நிரல்மொழியில் கூடுதல் வசதிகளை எழுதிக்கொள்ளவும் முடியும். ஆனால் பாயிண்ட் கணக்கும் பட்டறைக் கணக்கும் பேரேட்டுக்கு முந்தைய நிலையில் நடக்கிறவை. அதனால்தான் பெரும்பாலான இடங்களில் இந்த வேலை ஃபாக்ஸ்ப்ரோவிலோ அக்சஸிலோ முடிந்து, கடைசித் தொகை மட்டும் டேலிக்குப் போகிறது. டேலியும் அடிப்படையில் மேசைக்கணினியில் ஓடும் தரவுத்தள மென்பொருள்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேசைக்கணினியின் காலம் முடிந்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை.

அப்படியானால் எது காலாவதியானது? அதை விளங்கிக்கொள்ள இவை உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

வங்கியில் நாம் சீட்டை எழுதிக் கவுண்டரில் கொடுக்கிறோம். காசாளர்தான் பெட்டகத்தைத் திறக்கிறார். போஸ்ட்கிரே எஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய தரவுத்தள சர்வர்கள் அப்படிப்பட்டவை. கணினிகள் கோரிக்கையை மட்டும் அனுப்பும், தரவுக் கோப்பைத் தொடும் உரிமை சர்வரில் ஓடும் ஒரே நிரலுக்குத்தான். அக்சஸிலும் ஃபாக்ஸ்ப்ரோவிலும் கவுண்டர் கிடையாது, காசாளரும் கிடையாது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் பெட்டக அறைக்குள் போய்த் தானே எடுத்து, தானே வைத்துவிட்டு வருகிறார். சர்வர் என்று நாம் பெயர் சூட்டி வைத்திருக்கும் கணினி வெறும் அலமாரி. தேடுவது, கூட்டுவது, எழுதுவது எல்லாம் ஒவ்வொருவரின் கணினியிலும் நடக்கின்றன. அக்சஸ் கோப்பின் நான்கு கிலோபைட் பக்கங்கள் நெட்வொர்க் வழியே போய்ப் போய் வருகின்றன. யார் எந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பு குறித்துவைக்கிறது.

ஒருவர் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் தொடர்பு அறுந்தால், பாதி எழுதிய பக்கம் அப்படியே கோப்பில் நின்றுவிடும். மறுநாள் காலை, இது தெரியாத வகைத் தரவுத்தளம் என்று ஒரு செய்தி வரும். ஃபாக்ஸ்ப்ரோவில் வேறு விதம்: அட்டவணைக் கோப்பின் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண் இருக்கும், மின்சாரம் போன நொடியில் அந்த எண்ணுக்கும் உண்மையான பதிவுகளுக்கும் பொருத்தம் விட்டுப்போனால், இது அட்டவணையே இல்லை என்று மென்பொருள் கைவிரித்துவிடும். இந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணத்தை நான் பார்த்திருக்கிறேன். சர்வர் கணினிக்கு யுபிஎஸ் வைத்திருப்பார்கள். கணக்கர்களின் கணினிகளுக்கும் வைத்திருப்பார்கள். சுவர் மூலையில் தூசு படிந்து தொங்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போன நொடியில் கணினிகள் எல்லாம் உயிரோடு இருக்கும், நடுவில் இருக்கும் பாலம் மட்டும் விழும். இரண்டாயிரம் ரூபாய்ச் செலவில் தீரும் பிரச்சினைக்காக மென்பொருளையே மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, அக்சஸ் கோப்பை வைஃபை வழியாகத் திறப்பதும், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரில் போட்டு இரண்டு பேர் எழுதுவதும் தரவுக்கு எமன். அந்த ஃபோல்டர்கள் மொத்தக் கோப்பையும் ஒரே அலகாகத்தான் பார்க்கும். இருவர் எழுதியதில் ஒருவருடையது தனிப் பிரதியாக ஒதுங்கிவிடும்.

கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. ஓர் அக்சஸ் கோப்பு மொத்தமாக 2 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒவ்வோர் அட்டவணைக்கும் அந்த எல்லை. எண்ணும் எழுத்தும் மட்டும் என்றால் ஒரு மண்டியின் இருபது ஆண்டுக் கணக்கும் அதற்குள் அடங்கும். ஸ்கேன் செய்த சீட்டுகளையும் ஆதார் நகல்களையும் அட்டவணைக்குள்ளேயே திணிக்கத் தொடங்கும்போதுதான் மூச்சு முட்டுகிறது.

ஃபாக்ஸ்ப்ரோவின் இன்றைய நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அதில் இரண்டு தலைமுறைகள் உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் பழைய 2.6 பதிப்பில் எழுதியவை 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டாக மட்டும்தான். டாஸ்பாக்ஸ், விடாஸ் போன்ற போலிச்சூழல் நிரல்களுக்குள் வைத்து ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். நிரல் ஓடினாலும் அச்சு மல்லுக்கு நிற்கும், ஏனென்றால் அந்த நிரல்கள் பழைய பாரலல் போர்ட்டில் தொங்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை எதிர்பார்க்கின்றன. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியவை 32 பிட் என்பதால் விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. நாளைக் காலையே நின்றுவிடும் என்று பயமுறுத்துவது பொய். ஆனால் அதில் பாதுகாப்புக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் சரிசெய்ய யாரும் இல்லை. தரவுக் கோப்புக்குக் கடவுச்சொல்லும் கிடையாது. பென்டிரைவ் வைத்திருக்கும் எவரும் மொத்தத்தையும் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போகலாம். அதை எழுதத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். இதில் இனி ஒரு வரி புதிதாக எழுதக்கூடாது என்பது என் முடிவான கருத்து.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஃபாக்ஸ்ப்ரோ தரவை வைத்திருக்கும் டிபிஎஃப் என்ற கோப்பின் அமைப்பு ஊரறிந்தது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பு அதைத் திறக்கும், பைத்தானில் பத்து வரியில் படித்துவிடலாம். நிலவரைபட மென்பொருள்களில் பயன்படும் ஷேப்ஃபைல்கள் இன்றும் டிபிஎஃப் கோப்பைத் தூக்கிக்கொண்டுதான் அலைகின்றன. நாற்பது ஆண்டுப் பழைய வடிவத்திலிருந்து தரவை முழுமையாக வெளியே எடுக்க முடியும் என்பது சிறிய விஷயம் இல்லை. இன்று மாத வாடகைக்கு வாங்கும் பல கிளவுட் மென்பொருள்களிடம் அந்த உறுதி கிடைப்பதில்லை.

அக்சஸ் அப்படி அனாதையாகவில்லை. மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பிலும், ஆபீஸ் 2024-இன் நீண்டகாலப் பதிப்பிலும் அது இருக்கிறது. அந்தப் பதிப்புக்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. ரன்டைம் என்ற இலவசப் பதிப்பை நிறுவினால் கணக்கர்களின் கணினிகளுக்குத் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதே நாளில் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் முடிந்தது. நம் ஊர்க் கணினிகளில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் நின்றுகொண்டிருக்கிறது. புதிய கணினி வாங்கினால் 64 பிட் ஆபீஸ் வரும். 32 பிட் காலத்தில் விபிஏ என்ற அக்சஸின் நிரல்மொழியில் எழுதியவற்றில் விண்டோஸின் உள்வசதிகளை அழைக்கும் வரிகள் அதில் தடுக்கி விழும். அவற்றைத் திருத்துவது ஓரிரு நாள் வேலை. அதற்காக மொத்தத்தையும் புதிதாக எழுத வேண்டும் என்று யாராவது விலைப்புள்ளி கொடுத்தால் நம்ப வேண்டாம். அக்சஸ் 97-இல் உருவாக்கிய கோப்புகள் மட்டும் வேறு. 2013 பதிப்பிலிருந்து அவற்றைத் திறக்கவே முடியாது. அப்படி ஒன்று எங்காவது கிடந்தால், பழைய பதிப்பு ஓடும் கணினி ஒன்று உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு முன்கதை. அக்சஸை இணையத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் வெப் ஆப் என்ற வசதியைக் கொடுத்தது. நம்பி ஏறியவர்கள் இருந்தார்கள். 2018 ஏப்ரலில் அதை மூடிவிட்டது. மேசையில் ஓடிய அக்சஸ் பிழைத்தது. கிளவுடில் ஓடியதுதான் போனது. கிளவுட் என்றால் நிரந்தரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஆகவே அக்சஸுக்கு நான் சொல்லும் வழி இது. படிவங்களும் அறிக்கைகளும் விபிஏவில் எழுதிய விதிகளும் அக்சஸிலேயே இருக்கட்டும். அட்டவணைகளை மட்டும் எஸ்க்யூஎல் சர்வருக்கோ போஸ்ட்கிரே எஸ்க்யூஎல்லுக்கோ மாற்றி, ஓடிபிசி என்ற இணைப்பு வசதி வழியாக இணைத்துவிட வேண்டும். இரண்டாவது முற்றிலும் இலவசம். முதலாவதின் எக்ஸ்பிரஸ் பதிப்பும் இலவசம்தான். 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை இருந்தது, நம் தேவைக்கு அதுவே தாராளம். கணக்கர் பழகிய அதே திரை, அதே என்டர், அதே வேகம். ஆனால் பெட்டக அறைக்குள் இனி யாரும் நுழைய மாட்டார்கள். இப்படி மாற்றிய ஒரு நிரல் இன்னும் பத்தாண்டு ஓடும் என்று தயங்காமல் சொல்வேன். ஆண்ட்ராய்டு போனிலும் மேக்கிலும் அக்சஸ் ஓடாது. வெளியூரிலிருந்து முதலாளி பார்க்க விரும்பினால் அதே சர்வரிலிருந்து ஒரு சிறிய வலைப்பக்கத்தைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். தரவு சர்வரில் இருந்தால் அது எளிது.

ஃபைல்மேக்கர் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் 1985 முதல் இருக்கிறது, இன்னும் வளர்கிறது. நம் பக்கம் அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பதால் அதை விட்டுவிடலாம். லிப்ரே ஆபீஸில் வரும் பேஸ் என்ற தரவுத்தளத்தை வைத்துத் தொழில் நடத்த நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மென்பொருளின் வயதைவிட அதிகமாக நெருக்குவது சட்டம்தான். தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் வரி வந்தபோது இந்த நிரல்கள் ஒருமுறை திருத்தப்பட்டன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இன்னொருமுறை. அதுவரை வரிக் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று இருந்தது. மின்-விலைப்பட்டியல் வந்தபிறகு அது போதவில்லை. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கிய அந்த விதி, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. நடுத்தரச் சேகோ ஆலைகளும் ஜவுளி மொத்த வியாபாரிகளும் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பில்லையும் ஜேசன் என்ற தரவு வடிவில் அரசுத் தளத்துக்கு அனுப்பி, 64 எழுத்து அடையாள எண்ணையும் கியூஆர் குறியையும் வாங்கி பில்லில் அச்சிட வேண்டும். அக்சஸ் நிரலுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாம். டாஸில் எழுத்துகளை மட்டும் அச்சடிக்கும் நிரல் இங்கே தோற்றுவிடுகிறது.

கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்களுக்கு இன்னொரு கட்டாயம் 2023 ஏப்ரலில் வந்தது. கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும், அந்த வசதியை நிறுத்தவும் முடியக்கூடாது. டிபிஎஃப் கோப்பில் ஒரு பதிவை நீக்கினால் அதன் முதல் எழுத்திடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக் என்ற கட்டளையைக் கொடுத்தால் அதுவும் தடயமில்லாமல் போய்விடும். யார் நீக்கினார் என்று அதில் கேட்கவே முடியாது. சேலத்தில் பல தொழில்கள் தனிநபர் உரிமையாகவும் கூட்டுப் பங்காகவும் இருப்பதால் இந்த விதி அவர்களைத் தொடுவதில்லை. இருந்தாலும் பங்காளிகளுக்குள் கணக்குத் தகராறு வரும்போது இந்தத் தடம் இல்லாத குறை தெரியும். அட்டவணைகள் உண்மையான சர்வருக்குப் போய்விட்டால், டிரிக்கர் என்ற வசதியைக் கொண்டு ஒவ்வொரு திருத்தத்தையும் தனி அட்டவணையில் பதியவைக்கலாம். தொழிலாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் பூட்டில்லாத கோப்பில் கிடப்பது, 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பிறகு, பொறுப்பின்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். மலையில் உள்ள காபித் தோட்டங்களுக்கு முழுக் கிளவுடை நான் சிபாரிசு செய்வதில்லை. பழம் பறிப்புக் காலத்தில் ஒவ்வொரு ஆளும் எத்தனை கிலோ பறித்தார் என்று எடை போட்டுச் செக் ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். அந்த எடைதான் அவருடைய கூலி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை சேர்வராயன் மலையில் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது, மின்சாரமும் போனது. அது பறிப்புப் பருவம். அப்படிப்பட்ட நாட்களில் இணையம் இல்லாமல் திறக்காத மென்பொருளை நம்பியிருக்கும் தோட்டத்தில் கூலிக் கணக்கு என்ன ஆகும்? தரவு தோட்டத்து அலுவலகத்திலேயே, ஜெனரேட்டரில் ஓடும் கணினியில் இருந்தால், சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கிடைக்கும். அதன் பிரதி மட்டும் இணையம் வந்ததும் மேலே போனால் போதும்.

எடை போடும் இடத்திலேயே மேஸ்திரியின் போனில் பதிய வேண்டும் என்றால் அதற்கு எஸ்க்யூலைட் இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்ட இந்தச் சிறிய தரவுத்தளம் இன்று எல்லா ஸ்மார்ட்போன்களுக்குள்ளும் இருக்கிறது. பணம் கிடையாது, உரிமைக் கட்டுப்பாடும் கிடையாது. 2050 வரை இதைப் பராமரிக்கும் திட்டத்தோடுதான் அதை எழுதுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். போனில் பதிந்து, மாலையில் அலுவலகத்துக்கு வந்ததும் சர்வரோடு சேர்த்துக்கொள்ளலாம். தரவு வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற டிபேஸ் காலத்து எண்ணத்துக்கு இன்றும் உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாற்றும் வேலையில் வரும் சிக்கல்களில் நம் ஊருக்கே உரிய ஒன்று தமிழ் எழுத்து. பழைய ஃபாக்ஸ்ப்ரோ நிரல்களுக்கு யூனிகோட் என்ற இன்றைய பொது எழுத்து முறை தெரியாது. விவசாயிகளின் பெயர்களை ஏதாவதொரு பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். சிலவற்றில் பாமினி முறை, சிலவற்றில் டாம், டாப், இன்னும் பழைய டாஸ் நிரல்களில் இஸ்கி. எந்த முறை என்று கண்டுபிடித்தால் யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே அட்டவணையில் 2003 வரை ஒரு எழுத்துரு, அதற்குப் பிறகு வேறொன்று என்று இருக்கும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தனியாக அடிக்கப்பட்டிருக்கும் என்பதால் வரிசை புரண்டு, பெயர்கள் சிதைந்து வரும். இதை இயந்திரத்திடம் முழுதாக ஒப்படைக்க முடியாது. ஊரும் ஆளும் தெரிந்த மூத்த கணக்கர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். அப்பன் பெயர், ஊர், காட்டுப் பெயர் என்று அவருக்கு மட்டுமே தெரிந்தவை அதில் நிறைய இருக்கும்.

தேதியும் ஏமாற்றும். ஃபாக்ஸ்ப்ரோவில் தேதியைக் காலியாக விடலாம். வேறு இடத்துக்கு மாற்றும்போது அந்தக் காலி இடம் பல நேரங்களில் 1899 டிசம்பர் 30 என்ற தேதியாக மாறிவிடும். பணம் இன்னும் வராத பில்களெல்லாம் 1899-இலேயே வசூலாகிவிட்டதாக அறிக்கை காட்டும். அக்சஸில் ஆம் என்பது கழித்தல் ஒன்று, எஸ்க்யூஎல் சர்வரில் கூட்டல் ஒன்று. பழைய நிரல் எங்காவது கழித்தல் ஒன்றைத் தேடினால் எதுவும் அகப்படாது. தசமப் பின்னத்தைத் தோராயமாகச் சேமிக்கும் வகையில் எடையை வைத்திருந்தால், வெள்ளிக் கணக்கில் மில்லிகிராம்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்திருக்கும். மாற்றும்போது இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் பொருந்தாது. அப்போது புதிய மென்பொருள் தவறு என்று முடிவுகட்டாமல், பழைய கணக்கே அப்படித்தான் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது மூல நிரலைத் தேடிப் பிடிப்பது. பல இடங்களில் ஓடும் கோப்பு மட்டும் இருக்கிறது. எழுதியவர் ஊரைவிட்டுப் போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். ஃபாக்ஸ்ப்ரோவில் ஓடும் கோப்பிலிருந்து மூலத்தை மீட்டெடுக்க ரீஃபாக்ஸ் போன்ற கருவிகள் உண்டு. மூலத்தை நீக்கி மூடிய அக்சஸ் கோப்பில் விபிஏ வரிகளை அவ்வளவு எளிதாக மீட்க முடியாது. எழுதியவர் இன்னும் பக்கத்துத் தெருவில் இருந்தால், அவருக்கு உரிய கட்டணம் கொடுத்து, விதிகளையெல்லாம் தமிழில், ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 26 பாயிண்டுக்குக் கீழே ஏன் அந்தக் கழிவு, இந்தப் பட்டறைக்கு மட்டும் ஏன் அந்தச் சேதாரம் என்று அவருக்குத்தான் தெரியும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்த நோட்டுக்காக இந்த மாதமே உட்கார வேண்டும்.

வேலையின் நேரத்தையும் தொழில்தான் தீர்மானிக்கும். சேகோ ஆலைக்காரர் அரைவைப் பருவம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் தரவை மாற்றி, எழுத்தையும் தேதியையும் சரிபார்த்து முடிக்கலாம். அடுத்த பருவத்தின் முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு லோடையும் பழையதிலும் புதியதிலும் இரண்டு முறை பதிய வேண்டும். கணக்கர்கள் முணுமுணுப்பார்கள், அதற்குக் கூடுதல் சம்பளம் கொடுப்பதே நியாயம். இரண்டு சீட்டிலும் விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை தொடர்ந்து ஒன்றாக வந்தபிறகு பழையதில் எழுதும் வசதியை மட்டும் மூடிவிட்டு, படிக்கும் வசதியை ஜிஎஸ்டி விதிப்படி கணக்குகளைப் பாதுகாக்க வேண்டிய ஆண்டுகள் முடியும்வரை வைத்திருக்கலாம். வெள்ளிக்கடைக்குப் பருவம் கிடையாது என்பதால் ஏப்ரல் 1 நல்ல நாள். ஆனால் முந்தைய நாள் இரவு ஒவ்வொரு பட்டறையின் கிராம் பாக்கியையும் அச்சிட்டு, பட்டறைக்காரரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே புதியதில் தொடக்க இருப்பாக ஏற்ற வேண்டும்.